டேவிட் வெட்டர் கேஸ்: பிளாஸ்டிக் கூண்டால பாக்க முடியாத வேலை

நான் லேப்ல ரத்தம் பாக்குற ஆளு. பெரியவங்களுக்கு லிம்போசைட்ங்கற வெள்ளை அணுவோட எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1,500ன்னு வந்தா சரின்னு தள்ளி வச்சுட்டு அடுத்த டியூபை எடுப்போம், அதே 1,500 ரெண்டு மாசக் கைக்குழந்தைக்கு வந்தா கை அங்கயே நின்னுடணும், ஏன்னா அந்த வயசுல 2,500, 3,000க்குக் கீழ போனாலே சந்தேகப்படணும். பெரியவங்க அளவை வச்சு ரிப்போர்ட் அடிச்சா பக்கத்துல ஒரு சிவப்புக் குறி கூட விழாது, கமுக்கமா வெளிய போயிடும். அந்த எண்ணைப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது அமெரிக்காவுல ஹூஸ்டன்ல பொறந்த டேவிட் வெட்டர்ங்கற பையன். பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளயே 12 வயசு வரைக்கும் வளந்தவன், "பபுள் பாய்"னு உலகமே கூப்பிட்டுச்சு.

அந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியும், பாவம்னு உச்சுக் கொட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அதுல வேற ஒண்ணு உறுத்தும். நம்ம ஊர்ல எதிர்ப்பு சக்தின்னாலே கோட்டைச் சுவர் மாதிரி நினைக்கறோம், சுவர் உசரமா இருந்தா கிருமி வராது, இந்தப் பொடியைக் கலக்கிக் குடிச்சா சுவர் இன்னும் ரெண்டடி ஏறும், அப்படி. இந்தப் பையனுக்கு உண்மையாவே ஒரு சுவர் கட்டினாங்க, உலகத்துல யாரும் கட்டாத அளவுக்குக் கச்சிதமா, அது 12 வருஷம் தாங்கவும் செஞ்சுது. கடைசியில அவன் போனது அக்கா உடம்புல சத்தமில்லாம குடியிருந்த ஒரு வைரஸால.

குடும்பப் பின்னணி

வெட்டர் தம்பதிக்கு மொதல்ல ஒரு பொண்ணு, கேத்தரின். நல்ல ஆரோக்கியம். அடுத்து ஒரு பையன், ஏழு மாசத்துல தவறிட்டான். அவனுக்கு எஸ்சிஐடின்னு ஒரு பிறவிக் கோளாறு இருந்துச்சு, தீவிர கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடுன்னு தமிழ்ல சொல்லலாம். அடுத்து பொறக்கறதும் பையனா இருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குன்னு டாக்டருங்க சொல்லியிருந்தாங்க. ஏன் பையன்னா மட்டும்? கோளாறு இருக்கற ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொண்ணுக்கு எக்ஸ் ரெண்டு, ஒண்ணு சொதப்பினாலும் இன்னொண்ணு தாங்கிப் பிடிச்சுடும். பையனுக்கு ஒண்ணே ஒண்ணு, அது அம்மாகிட்ட இருந்து வர்றது, அதுல ஓட்டைன்னா மாத்து கிடையாது. அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அவங்களே தெரியாம சுமந்துட்டு இருப்பாங்க.

1971 செப்டம்பர் 21, டெக்சாஸ் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரி. சிசேரியன் பண்ணி எடுத்த சில நொடியில குழந்தை கிருமி நீக்கின கூண்டுக்குள்ள போயாச்சு. ஞானஸ்நானம் கொடுக்க வந்த புனித நீரையும் கிருமி நீக்கித்தான் உள்ள அனுப்பினாங்க. அப்போ போட்டிருந்த திட்டம் ரொம்ப சிம்பிள், ரத்த செல் எல்லாம் உருவாகற இடம் எலும்பு மஜ்ஜை, அக்கா கேத்தரினோடது பொருந்தும், கொஞ்ச நாள்ல அதை ஏத்திட்டு குழந்தையை வெளிய கொண்டு வந்துடலாம். 1968லயே அமெரிக்காவுல மினசோட்டாவுல இதே மாதிரி ஒரு குழந்தைக்கு அக்கா மஜ்ஜை ஏத்தி வெற்றி கிடைச்சிருந்துச்சு, அந்த நம்பிக்கை. ஆனா கூடப்பொறந்தவங்க முழுசா பொருந்தறதுக்கு நாலுல ஒரு பங்கு தான் வாய்ப்பு, கேத்தரின் பொருந்தல. கொஞ்ச நாள் தங்கறதுக்குன்னு போட்ட கொட்டகையே வீடாகிப் போச்சு.

அவனுக்கு எது இருந்துச்சு, எது இல்ல

"அந்தப் பையனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல"ன்னு எழுதறாங்க, அது பாதி தான் சரி. தோல் இருந்துச்சு, சளிப்படலம் இருந்துச்சு, வயித்து அமிலம் இருந்துச்சு. நியூட்ரோஃபில் செல்லும் இருந்துச்சு. காயம் பட்ட இடத்துக்கு மொத ஆளா ஓடி வந்து கண்ணுல பட்ட பாக்டீரியாவை முழுங்கிட்டு ஒரு நாள் போல வாழ்ந்துட்டு செத்துப்போற செல் அது, நம்ம மஜ்ஜை தினமும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபிலை உற்பத்தி பண்ணுது, புண்ணுல வர்ற சீழ்ல பெரும்பகுதி அதுங்களோட பிணம் தான். கிருமியையும் செத்த செல்லையும் முழுங்கற மேக்ரோஃபேஜும் இருந்துச்சு. இதெல்லாம் பொறக்கும்போதே கூட வர்ற படை, யாரைப் பாத்தாலும் ஒரே மாதிரி அடிக்கும், நேத்து அடிச்சவனை இன்னைக்கு ஆள் தெரிஞ்சு அடிக்கற வித்தையெல்லாம் அதுக்குப் பெருசா வராது.

லிம்போசைட்ல டி, பி, என்கேன்னு மூணு வகை. அவன்கிட்ட இல்லாதது கிருமியை ஆள் தெரிஞ்சு அடிக்கற டி செல், அப்புறம் கெட்டுப்போன செல்லைக் கொல்ற என்கே செல். பி செல் இருந்துச்சு, ஆனா வேலை செய்யல. இந்த மூணாவது விஷயம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா உள்ள நிர்வாகம் எப்படி நடக்குதுன்னு அது ஒண்ணே காட்டிக் கொடுத்துடும். கிருமி மேல போய் ஒட்டிக்கற புரதம் ஆன்டிபாடி, அதைத் தயார் பண்றது பி செல். ஆனா தரமான, நாள்பட நிக்கற ஆன்டிபாடியை அது தன்னிச்சையா தயார் பண்ண முடியாது, கிருமியோட ஒரு துண்டைப் பிடிச்சு டி செல்கிட்ட காட்டி "இதுக்கு எதிரா தயார் பண்ணலாமா"ன்னு கேட்கணும், அதே துண்டை அடையாளம் தெரிஞ்ச ஒரு டி செல் வந்து சரின்னு சொன்னா தான் ஃபைல் நகரும். தாலுகா ஆபீஸ்ல கிளார்க் எல்லாரும் சீட்ல உக்காந்திருக்காங்க, கையெழுத்து போடற அதிகாரி போஸ்ட்டே காலி, அப்படி ஒரு நிலைமை. எண்ணிப் பாத்தா பி செல் இருக்கும், உருப்படியான ஆன்டிபாடி இருக்காது.

இப்படி ரெண்டு மூணு செல் ஒரே நேரத்துல ஏன் படுத்துச்சுன்னு அப்போ யாருக்கும் தெரியல, பதில் 1993ல தான் வந்துச்சு, அவன் போய் ஒன்பது வருஷம் கழிச்சு. ஐஎல்2ஆர்ஜின்னு ஒரு ஜீன். செல்லுக்கு "வளரு", "பெருகு", "சாகாதே"ன்னு தகவல் கொண்டு வர்ற இன்டர்லூகின்கள் நிறைய, ஒவ்வொண்ணுக்கும் செல் மேல தனித்தனி வாங்கி இருக்கு, அதுல இன்டர்லூகின் 2, 4, 7, 9, 15, 21 இந்த ஆறுக்கும் பொதுவா ஒரே ஒரு பாகம் மாட்டியிருக்கும். அந்த பாகத்தைச் செய்யற ஜீன் தான் இது. அது ரிப்பேர்னா 7 சொல்றது கேட்காது, டி செல் உருவாகாது, 15 சொல்றது கேட்காது, என்கே செல் உருவாகாது. ஆறு ரூமுக்கும் ஒரே ஃபியூஸ், அது போச்சு.

டி செல் இல்லன்னா என்ன ஆகும்னு சொல்றதுக்கு முன்னாடி, அது எப்படி உருவாகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன், கடைசியில வேணும். மஜ்ஜையில இருந்து கிளம்பற இளசு செல், நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கற தைமஸ் சுரப்பிக்குப் போகும். அங்க ஒவ்வொரு செல்லும் தன்னோட ஜீன் துண்டுகளைச் சீட்டு கலைக்கற மாதிரி கலைச்சு, வெட்டி, ஒட்டி, வேற யாருக்கும் இல்லாத ஒரு உணரியை உருவாக்கிக்கும். எந்தக் கிருமி வரப்போகுதுன்னு தெரியாமலே கோடிக்கணக்குல விதவிதமா சாவி செஞ்சு வைக்கற மாதிரி. அப்புறம் ரெண்டு பரீட்சை. ஒண்ணு, சொந்த உடம்போட செல் எதையாவது காட்டினா அதைப் படிக்கவாவது தெரியுதா. ரெண்டாவது, சொந்த உடம்பையே அடிக்கப் பாயுதா. படிக்கத் தெரியலன்னாலும் சாவு, பாஞ்சாலும் சாவு. போனதுல 95 சதவீதத்துக்கு மேல அங்கயே முடிஞ்சிடும். நல்லா இருக்கற பச்சைக்குழந்தைக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தா இந்த தைமஸ் இதயத்துக்கு மேல பாய்மரம் விரிச்ச மாதிரி தெரியும், எஸ்சிஐடி குழந்தைக்கு அந்த இடம் வெறிச்சுனு இருக்கும். ஒரு தடவை பாத்தவங்களுக்கு மறக்காது.

இன்னொண்ணு, இந்தக் குழந்தைங்க பொறந்த உடனே நல்லாத்தான் இருக்கும். அம்மாவோட ஐஜிஜி ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா வந்து உள்ள இருக்கும், மூணு வாரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும். நல்ல குழந்தைன்னா அது தீர்றதுக்குள்ள தன்னோடதை உருவாக்க ஆரம்பிச்சுடும். இந்தக் குழந்தைக்கு அம்மா கொடுத்தனுப்பின கட்டுச்சோறு தீர்ந்ததும் அடுப்பு பத்த வைக்க ஆளில்ல, மூணு மாசம், ஆறு மாசத்துல நிமோனியா, நிக்காத வயித்துப்போக்கு, வாய் பூரா வெள்ளைப் பூஞ்சை, எடை ஏறாது. டேவிட்டோட அண்ணனுக்கு ஏழு மாசம்.

கூண்டுக்குள்ள

கூண்டு வாழ்க்கையைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொன்னா போதும், மத்தது புரிஞ்சிடும். உள்ள போற எந்தப் பொருளா இருந்தாலும், டயபரோ பொம்மையோ புத்தகமோ, எத்திலீன் ஆக்சைடு வாயு நிரப்பின அறையில 60 டிகிரி சூட்டுல நாலு மணி நேரம் வைக்கணும், அப்புறம் அந்த வாயு போறதுக்கு ஒரு நாள்ல இருந்து ஏழு நாள் வரைக்கும் காத்தாட விடணும், அதுக்கப்புறம் தான் உள்ள. ஒரு சின்னப்பையன் இன்னைக்கு ஒரு பொம்மை கேட்டா அடுத்த வாரம் கிடைக்கலாம். அவனைத் தூக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் கூண்டுச் சுவர்ல பொருத்தின தடி ரப்பர் கையுறை வழியா. கூண்டை ஊதி நிறுத்தி வைக்கற மோட்டார் எந்நேரமும் இரைஞ்சுக்கிட்டே இருக்கும், பேசினா சரியா காதுல விழாது. அப்புறம் வீட்டுலயும் ஒரு கூண்டு வச்சாங்க, அங்கயும் இங்கயும் கொண்டு போக ஒரு சின்னக் கூண்டு, அதுலயே ஒரு தடவை சினிமா தியேட்டருக்குக் கூட கூட்டிட்டுப் போயிருக்காங்க.

நாலு வயசுல, உள்ள யாரோ மறந்து விட்டுட்ட ஒரு ஊசியை எடுத்து கூண்டுல ஓட்டை போட்டுக்கிட்டு இருந்தான். அப்போ தான் உக்கார வச்சு கிருமின்னா என்ன, நீ ஏன் உள்ள இருக்கேன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் பையன் ஓட்டை போடல, ஆனா கனவுல கிருமி ராஜா வர ஆரம்பிச்சான்.

1977ல நாசா ஒரு குட்டி விண்வெளி உடை செஞ்சு கொடுத்துச்சு, ஏறக்குறைய 50,000 டாலர். கூண்டுக்கும் உடைக்கும் நடுவுல ரெண்டரை மீட்டர் நீளத்துக்கு துணிக்குழாய். அதைப் போட்டுக்கிட்டு வெளிய வந்தப்போ தான் அம்மா அவனை மொத தடவையா கையில ஏந்தினாங்க, ஆறு வயசு ஆகப்போகுது அப்போ. மொத்தமா ஏழு தடவை தான் போட்டான், வளந்துட்டான், பெரிய உடை ஒண்ணு வந்தும் அதை அவன் போடவே இல்ல.

இப்படி வைக்கறது சரியான்னு அப்பவே கேள்வி கேட்டவங்க இருந்தாங்க. எனக்குன்னா அந்த டாக்டருங்க மேல கோவம் வர்றதில்ல, பொருந்தற மஜ்ஜை இருக்கா இல்லையான்னு தெரியறதுக்கு முன்னாடியே கூண்டு ரெடியா இருந்துச்சேங்கறது மட்டும் உறுத்தும், வெளிய வர்ற வழி தெரியாம உள்ள போறதுக்கு மட்டும் ஒரு கதவு.

1983 அக்டோபர்

முழுசா பொருந்தாத மஜ்ஜையை ஏத்தினா என்ன பிரச்சனைன்னா, அதுக்குள்ள டோனரோட முதிர்ந்த டி செல் இருக்கும். அது புது வீட்டுக்குள்ள வந்து பாக்கும், எல்லாமே அன்னியமா தெரியும், தோலை, கல்லீரலை, குடலை அடிக்க ஆரம்பிச்சுடும். நாம ஏத்தினது நம்மளையே தின்னுடும். 1980கள் ஆரம்பத்துல இதுக்கு ஒரு வழி வந்துச்சு, மஜ்ஜையை ஏத்தறதுக்கு முன்னாடியே அதுல இருக்கற முதிர்ந்த டி செல்லை மட்டும் கழிச்சுக்கட்டறது. எல்லா ரத்த செல்லும் எதுல இருந்து வளருதோ அந்த மூல செல் மட்டும் போகும், அது பையன் உடம்புலயே புதுசா வளந்து அங்கயே பரீட்சை எழுதி அங்கத்து ஆளாவே மாறிடும். நல்ல யோசனை, இன்னைக்கு வரைக்கும் அதோட வாரிசு முறைகள் தான் ஓடுது.

1983 அக்டோபர் 21ல கேத்தரினோட மஜ்ஜையை இப்படி சுத்தம் பண்ணி டேவிட்டுக்கு ஏத்தினாங்க. தோலைத் தின்னுற அந்தப் பிரச்சனை வரல. சில மாசம் எல்லாரும் நம்பிக்கையா இருந்தாங்க. அப்புறம் காய்ச்சல், வாந்தி, குடல்ல ரத்தக்கசிவு. அவன் பொறந்ததுல இருந்து சீக்குன்னு ஒண்ணு படுத்ததே அப்போ தான். கையுறை வழியா வைத்தியம் பாத்து சமாளிக்க முடியாதுன்னு 1984 பிப்ரவரி 7ல வெளிய எடுத்தாங்க. அம்மா கை அவன் தோல்ல நேரா பட்டது அதுக்கப்புறம் தான். பிப்ரவரி 22ல போயிட்டான். நடுவுல 15 நாள்.

பிரேதப் பரிசோதனையில உடம்பு பூரா கட்டிகள், பி செல்லுல வர்ற லிம்ஃபோமாங்கற புற்றுநோய். கட்டிக்குள்ள எப்ஸ்டீன் பார் வைரஸ். கேத்தரினோட மஜ்ஜையில அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு, அப்போ இருந்த சோதனைகள்ல பிடிபடல.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். இந்த வைரஸ் அபூர்வமானது இல்ல, உலகத்துல பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல இருக்கு, இதை எழுதற எனக்கும் அனேகமா இருக்கும், படிக்கற உங்களுக்கும் அனேகமா இருக்கும். எச்சில் வழியா வரும், சின்ன வயசுல வந்தா சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரி போயிடும், ஆனா வைரஸ் போகாது, பி செல்லுக்குள்ள ஆயுசுக்கும் படுத்துக்கும். அப்பப்போ தலை தூக்கி பி செல்லைப் பெருக்கப் பாக்கும். நமக்கு ஏன் கட்டி வர்றதில்லன்னா, இந்த வைரஸை ஆள் தெரிஞ்சு வச்சிருக்கற டி செல் கூட்டம் ஒண்ணு நமக்குள்ள ராப்பகலா ரவுண்டு சுத்துது, கெட்டுப்போன பி செல் தன் மேல்பரப்புல வைரஸ் துண்டைக் காட்டின உடனே ஒட்டிக்கிட்டு ஓட்டை போட்டுக் கொன்னுடுது. தினம் நடக்குது. நமக்குக் காய்ச்சல் கூட வர்றதில்ல, அதனால நமக்கு அப்படி ஒரு வேலை நடக்கறதே தெரியாது.

கேத்தரின் உடம்புல அந்த ரோந்து இருந்துச்சு, அதனால அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. மஜ்ஜையைச் சுத்தம் பண்ணப்போ கழிச்சுக்கட்டினது யாரை? டி செல்லை. அதாவது தம்பியோட தோலை அடிச்சிருக்கக்கூடிய ஆளுங்களோட சேத்து, இந்த வைரஸைக் காவல் காத்துக்கிட்டு இருந்த ஆளுங்களும் போயிட்டாங்க. கைதியை அனுப்பினோம், காவலாளியை நிறுத்திக்கிட்டோம். தம்பி உடம்புல புது டி செல் வளந்து வர்றதுக்குள்ள வைரஸ் முந்திக்கிச்சு. வைரஸும் புற்றுநோயும் எப்படிக் கோத்துக்கிட்டு இருக்குன்னும், நடுவுல டி செல் என்ன பண்ணுதுன்னும் மனுஷ உடம்புல இவ்ளோ அப்பட்டமா காட்டின கேஸ் அந்தக் காலத்துல குறைவு. 1990கள்ல இதையே திருப்பிப் போட்டு வைத்தியமா மாத்தினாங்க, இந்த வைரஸுக்குப் பழகின டோனர் டி செல்லை லேப்ல தனியா வளத்து நோயாளிக்கு ஏத்தறது, கட்டி கரையுது. மஜ்ஜை மாத்தின நோயாளிங்களுக்கு இப்போ ரத்தத்துல இந்த வைரஸ் ஏறுதான்னு வாராவாரம் பாக்கறதும் இந்த பயத்துல தான்.

அதுக்கப்புறம்

1999ல பாரிஸ்ல ஆலன் ஃபிஷர், மரீனா கவாசானா குழு, இதே ஐஎல்2ஆர்ஜி ஜீனோட நல்ல பிரதியை குழந்தைங்களோட சொந்த மூல செல்லுலயே சேத்து திருப்பி ஏத்தினாங்க. டோனரே வேணாம். டி செல் வளந்துச்சு, குழந்தைங்க வீட்டுக்குப் போச்சு, எல்லாரும் கொண்டாடினாங்க, அப்புறம் பாரிஸ், லண்டன் ரெண்டு இடத்துலயும் சேத்து 20 குழந்தைல அஞ்சு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்துச்சு, ஜீனைச் சுமந்துட்டுப் போன வைரஸ் வண்டி தப்பான இடத்துல பார்க்கிங் போட்டதால. வண்டியை மாத்தி அமெரிக்காவுல எட்டுக் குழந்தைங்களுக்குப் பண்ணது நல்லபடியா வந்ததுன்னு 2019ல முடிவு வெளிவந்துச்சு, அதுல பி செல்லும் சேந்து எழுந்துச்சு.

ஆனா பெரிய மாற்றம் ஜீன்ல வரல, குதிகால்ல வந்துச்சு. பொறந்த குழந்தை குதிகால்ல ஒரு குத்து, அட்டையில ரெண்டு மூணு சொட்டு ரத்தம். மேல சொன்னேன்ல, தைமஸ்ல ஜீனை வெட்டி ஒட்டுதுன்னு, அப்போ வெட்டி வீசற துண்டு சின்ன வளையமா செல்லுக்குள்ளயே கிடக்கும். டிரெக்னு பேர். டெய்லர் கடையில கீழ வெட்டுத்துணி கிடந்தா உள்ள சட்டை தைக்கறாங்கன்னு அர்த்தம், தரை துடைச்ச மாதிரி இருந்தா மெஷினே ஓடலன்னு அர்த்தம். அந்த வளையம் இருக்கான்னு பாத்தா போதும். 2008ல விஸ்கான்சின் மாநிலத்துல ஆரம்பிச்சு 2018 முடியறதுக்குள்ள அமெரிக்காவுல 50 மாநிலத்துக்கும் வந்துடுச்சு. இது ஏன் முக்கியம்னா, மூணரை மாச வயசுக்குள்ள மஜ்ஜை மாத்தின குழந்தைங்கள்ல 94 சதவீதம் பேர் அஞ்சு வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தாங்கன்னு 2014ல வந்த அமெரிக்க ஆய்வு சொல்லுது. தொற்று வந்து படுத்தப்புறம் பண்ணினா அந்த அளவு கிடைக்கறதில்ல.

நம்ம ஊருக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. இங்க பொறந்த உடனே பிசிஜி போடறோம், அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கி செஞ்ச ஊசி. காசநோய் இருக்கற நாட்டுல அது கட்டாயம் வேணும், நல்ல குழந்தைக்கு அது டி செல்லுக்கு ஒரு பாடம், கையில தழும்போட முடிஞ்சிடும். டி செல் இல்லாத குழந்தைக்கு அதே கிருமி உடம்பு பூரா பரவும். பயந்துட்டு யாரும் ஊசி போடாம விட்டுடாதீங்க, இந்தக் கோளாறு ரொம்ப அபூர்வம். பொறந்த எல்லாக் குழந்தைக்கும் டிரெக் பாக்கற நிலைமை வர்ற வரைக்கும் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கு, வார்டுல கேட்கற கேள்வி அது. அம்மாகிட்ட, முடிஞ்சா அம்மாயிகிட்டயும் கேட்கணும்: உங்க வழியில ஆம்பளைப் பிள்ளை யாராச்சும் கைக்குழந்தையிலயே தவறிப்போச்சா, இந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் முறை ஆகறவங்க யாராவது? "ஆமா, என் தம்பி ஒருத்தன், ஆறு மாசத்துல, என்ன சீக்குன்னே தெரியல"ன்னு பதில் வந்துச்சுன்னா, ஊசியைக் கொஞ்சம் நிறுத்தி வச்சுட்டு மொதல்ல லிம்போசைட் கவுண்ட்டைப் பாருங்க, கூட இருக்கற நார்மல் அளவு குழந்தையோடதான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க. எண்ணிக்கை சரியா வந்தாலும் அதோட விட்டுடாதீங்க, பி செல் நிறைய இருந்து கணக்கை நிரப்பியிருக்கலாம், டி செல் எவ்ளோன்னு ஃப்ளோ சைட்டோமெட்ரில, அதாவது செல்லை வகை வகையா பிரிச்சு எண்ணற சோதனையில, தனியா எண்ணச் சொல்லுங்க.